மறதி அண்ணாச்சி

அவருக்கு 'மறதி அண்ணாச்சி' என்று பெயர் வைத்தது நான்தான். ஃபோர்ட்டில் எங்கள் ஆபீஸ் இருந்த கட்டடத்தில் படியேறி இறங்குகிற தமிழர்கள் அத்தனை பேரும் பிறகு அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் என்ன என்று நான் கேட்டதே இல்லை. திருநெல்வேலிக்காரர், ஐம்பதைத் தாண்டிய வயது, தாராவியில் கோலி என்கிற ஒற்றை அறையில் இன்னும் நான்கு பேரோடு வாசம். அண்ணாச்சி என்று கூப்பிட இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், அவரைப் போல ஞாபகசக்தி உள்ள இன்னொருவரை நான் பார்த்ததில்லை. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பம்பாயைச் சுற்றிக் காட்டுகிற ஒரு டூர் கம்பெனியின் புக்கிங் ஆபீஸ் இருந்தது. அதில் அவர் பியூன். போன வருஷம் தீபாவளிக்கு வந்த ஆள் இந்த வருஷம் எதிரே வந்து நின்றால், "உங்க மச்சான் ஏழாம் நம்பர்ல இருந்தாவ, ஏர்போர்ட்டுப் பக்கம் வாந்தி எடுத்தாவ, இப்ப உடம்பு எப்பிடி?" என்று கேட்பார். வந்தவர் கூட்டத்துக்கு நடுவே நெளிவார்.

காக்கிக் கோட்டு, அதில் ஒரு பொத்தான் மட்டும் வெள்ளை. காதில் பென்சில். கையில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போட்ட பஸ் படம், கட்டங்கட்டமாக. எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மரீன் டிரைவில் கடல் தெரியும், எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், எந்த ஜன்னல் திறக்காது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "போகையில இடது பக்கம் கடலு. கிட்கி சீட்டு ஒண்ணே ஒண்ணு இருக்கு, உங்களுக்குத்தான் வச்சிருக்கேன்" என்பார். ஜன்னலுக்கு அவர் வாயில் கிட்கிதான். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார் என்பது எனக்குத் தெரியும். நான் சிரித்தால் கண்ணால் அதட்டுவார்.

டிக்கெட் எழுதுகிறவர் ஒரு மராத்திக்காரர். தெற்கேயிருந்து யார் வந்தாலும் அவர் பேனாவை மூடிவிட்டு அண்ணாச்சியைப் பார்ப்பார். அண்ணாச்சி கேட்கிற ஒரு கேள்விக்குப் பதில் வரும் வரைக்கும் பேனா திறக்காது.

ஒரு நாள் மதியம் சாப்பிட இறங்கிய நேரத்தில் அந்தக் கேள்வி முதன்முதலாக என் காதில் விழுந்தது. தூத்துக்குடி உப்பு வியாபாரி ஒருவர், ஜரிகைத் துண்டும் புது ரிஸ்ட் வாட்சுமாக வந்திருந்தார்.

"முழு நாள் டூரா குடுங்க. இருக்கதுலயே பெரிசு எதுவோ அது" என்றார்.

"பெரிசு இருக்கட்டும். ஊருக்குப் போயி யார்ட்ட சொல்லப் போறிய?"

"என்னது?"

"பம்பாய்ல என்னத்தப் பாத்தியன்னு ஊர்ல உங்கள யாரு கேப்பா?"

வியாபாரி எரிச்சலோடு துண்டை உதறித் தோளில் போட்டார். கொஞ்சம் யோசித்தார். "எம் பேத்தி கேப்பா. ஆறு வயசு. வேற எவன் கேக்கான்?"

"அப்ப அரை நாள் போதும். மீன் காட்சி இருக்கு. மலபார் ஹில்லுல பூட்சு மாதிரி ஒரு வீடு கட்டி வச்சிருக்கான். அதுக்குள்ள ஏறி, மேல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போயிச் சொல்லுங்க. கன்னேரிக் குகையச் சொன்னா பிள்ள தூங்கிரும்."

முழு நாள் டிக்கெட் வாங்க வந்தவரை அரை நாளுக்கு இறக்கினால் மானேஜர் பல்லைக் கடிக்க மாட்டாரா? கடித்தார். ஆனால் அடுத்த மாதம் அந்த வியாபாரி தன் சம்பந்தி வீட்டார் எட்டுப் பேரை அனுப்பிவைத்தார். ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால் அண்ணாச்சியின் வேலை தப்பியது.

கல்யாணமாகி ஒரு வாரமே ஆன ஜோடி ஒன்று வந்தது. அதே கேள்வி. பையன் தன் அம்மாவிடம், அக்காவிடம் என்று அடுக்கினான். பெண் மட்டும் தரையைப் பார்த்தபடி, "நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம்" என்றாள். அண்ணாச்சிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அவர்களுக்கு டூர் பஸ்ஸே வேண்டாம் என்று சொல்லி, எலிஃபெண்டாத் தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு என்று விசாரித்து, கேட்வே படகுத்துறை வரைக்கும் தானே கூட நடந்துபோய் ஏற்றிவிட்டு வந்தார்.

ஒரு தடவை தப்பாகவும் போயிற்று. காட்கோபர் மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மைத்துனர் ஊரிலிருந்து வந்தவர், பெண்சாதியிடம் சொல்லப் போகிறேன் என்றார். பெண்சாதி என்றால் கோவில் என்று அண்ணாச்சி முடிவு கட்டி அனுப்பினார். அந்த அம்மாளோ, 'கோவில் நம்ம ஊரில் இல்லையா, ஒரு ஏரோப்ளேனைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வரத் தெரியவில்லையே உனக்கு' என்று புருஷனைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டாளாம். செய்தி காட்கோபர் வழியாக வந்து சேர்ந்தது. அண்ணாச்சி இரண்டு நாள் டீ குடிக்கவில்லை. "நான் அந்த அம்மாவப் பாத்ததில்லையே, பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று என்னிடம் நாலு தடவை சொன்னார்.

"நீங்க யார்கிட்ட சொல்லுவீங்க அண்ணாச்சி?" என்று நான் ஒருமுறை அவரையே மடக்கினேன்.

"எம் பொஞ்சாதிட்டதான். ஆனா நான் சொல்றது எதையும் அவ நம்ப மாட்டாளே! இங்கன கடலு பெரிசுன்னாக்கூட, 'குடிச்சிருந்தியளோ'ன்னு கேப்பா" என்றார். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

பஸ் கிளம்புகிற நேரத்தில் அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. படியில் ஒரு காலும் நடைபாதையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு தமிழ் ஆட்களைப் பார்த்து மூன்று எச்சரிக்கை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டக் கூடாது. தோட்டத்தில் போட்டோ பிடிக்கிறவனிடம் நிற்கக் கூடாது, அவன் விலாசத்தை வாங்கிக்கொள்வான், படம் வராது. மூன்றாவதுதான் முக்கியம்: "மகாலட்சுமி கோவில்ல சாமி கும்பிட்டுட்டு உக்காராதீய!" நம் ஆட்கள் எந்தக் கோவிலுக்குப் போனாலும் கும்பிட்டு முடித்ததும் பிராகாரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தானே எழுந்து வருவார்கள். கையை வீசிக்கொண்டு அப்படியே வெளியே வந்தால் கும்பிட்ட மாதிரி இருக்காது. கைடு கொடுக்கிறது இருபது நிமிஷம். கும்பிடுவதற்கே அது சரியாகப் போய்விடும். பஸ் காத்திருக்காது. இந்த மூன்றையும் அவர் ஒரு நாள்கூட விட்டதில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் சித்தி வீட்டில் தங்கி, டைப்பிங் படித்து, இந்த ஆபீஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில் சித்தப்பாவுக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்துவிட்டது. வேலைக்குப் போகிற பெண்களுக்கான ஹாஸ்டல் ஒன்று மாட்டுங்காவிலேயே இருந்தது. அதில் இடமும் சொல்லி வைத்துவிட்டேன். அப்பாவுக்கு எழுதினேன். அப்பா தென்காசிப் பக்கம் போஸ்ட் மாஸ்டர். ஊரார் கடிதங்களையெல்லாம் வாசித்துக் காட்டியே, கடிதத்தில் எழுதுவது எதையும் நம்பக் கூடாது என்ற முடிவுக்கு வந்தவர். 'உன் அம்மாவை அனுப்புகிறேன். அவளோடு கிளம்பி வந்துவிடு' என்று இரண்டே வரி. தாராவிக்கு வருகிற ஒரு குடும்பத்தோடு அம்மா வந்து இறங்கினாள். திரும்புவதற்கான டிக்கெட்டைப் பையிலிருந்து எடுத்து சித்தியிடம் கொடுத்தாள். இரண்டு டிக்கெட்.

ஊருக்குப் போனால் அவ்வளவுதான். டைப்ரைட்டருக்கு நான் எங்கே போவேன்? பத்து விரலும் சும்மா இருக்கும். அம்மாவுக்கு ஒரு நாள் முழுக்க பம்பாயைக் காட்டி, அசரவைத்து, மனசை மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை. அம்மா அதுவரை பக்கத்து ஊருக்குக்கூடத் துணையில்லாமல் போனவள் இல்லை. லீவு சொல்லிவிட்டு அண்ணாச்சியிடம் போனேன்.

"முழு நாளைக்கு ரெண்டு டிக்கெட் அண்ணாச்சி. எனக்கும் அம்மாவுக்கும்."

"அம்மா ஊருக்குப் போயி யார்ட்ட சொல்லுவாவ?"

"என்கிட்டயுமா அண்ணாச்சி?"

"எல்லார்ட்டயும்தான்."

"அப்பாகிட்ட."

"அப்பா என்னன்னு கேப்பாவ?"

அப்பா என்ன கேட்பார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கேட்வேயைப் பற்றியோ கடலைப் பற்றியோ அவர் கேட்கப் போவதில்லை. 'அந்த ஊரில் ஒரு பொம்பளை தனியாக நடமாட முடியுமா?' என்று மட்டும்தான் கேட்பார். அதை அப்படியே சொன்னேன்.

அண்ணாச்சி காதிலிருந்த பென்சிலை எடுத்து, காலண்டர் தாளில் ஒரு கட்டத்தில் மட்டும் புள்ளி வைத்தார். "அரை நாள். ஒரு டிக்கெட்டு. அம்மாவுக்கு மட்டும். நீ மாடியில போயி உன் வேலையப் பாரு."

"அம்மாவைத் தனியாவா? விளையாடுறீங்களா?"

"நீ கூடப் போனா, மக சுத்திக் காட்டினா, பாத்தேன்னு சொல்லுவாவ. அதுல உங்க அப்பா கேக்கதுக்குப் பதில் எங்கன இருக்கு?"

எனக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது. ஆனால் அவர் சொன்னதை மறுக்கவும் வழியில்லை. லீவை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் பஸ் பக்கத்தில் விட்டேன். அம்மா என் கையைப் பிடித்தவள் விடவில்லை. அண்ணாச்சிதான், "அக்கா, இடது பக்கம் கிட்கி சீட்டு. ஏறுங்க, நான் இருக்கேன்லா" என்றார். எங்கள் ஆபீஸ் மானேஜர் வருகிற நேரமாகிவிட்டதால் நான் பஸ் கிளம்புவதற்குள் மாடிக்கு ஓடிவிட்டேன்.

ஒரு மணிக்கு பஸ் திரும்பியது. அம்மா வரவில்லை.

மகாலட்சுமி கோவிலில் ஒரு ஆள் குறைந்தது, பத்து நிமிஷம் காத்திருந்தோம், வரவில்லை, கிளம்பிவிட்டோம் என்று கைடு சொன்னான். அண்ணாச்சியின் முகத்தை அன்றைக்குத்தான் அப்படிப் பார்த்தேன். வெள்ளைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு, "நீ வீட்டுக்குப் போ. வந்தா அங்கதான் வருவாவ. நான் கோவிலுக்குப் போறேன்" என்று சொல்லி, வீட்டு விலாசத்தை வாங்கிக்கொண்டு, மானேஜரைக்கூடக் கேட்காமல் ஓடினார்.

மாட்டுங்காவில் சித்தியும் நானும் பால்கனியில் நின்றபடி தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அம்மாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. கையில் விலாசம் எழுதின தாள்கூட நான் கொடுத்தனுப்பவில்லை. அதை நினைத்து நினைத்து அழுதேன். நாலரை மணிக்கு, தெருமுனையில் அம்மா வந்தாள். தலையில் புதுக் கனகாம்பரம். கையில் பிரசாதப் பொட்டலம். நடையில் ஒரு அவசரமும் இல்லை.

"எப்பிடிம்மா வந்தே?"

"மாட்டுங்கா மாட்டுங்கான்னு கேட்டேன். ஒருத்தன் பஸ்ஸக் காட்டினான், ஏறினேன். தாதர்லயே இறக்கி விட்டுட்டான் ஏட்டி. அங்கன ஒரு பொம்பளை கனகாம்பரம் வச்சிட்டுப் போனா. இந்த ஊர்ல கனகாம்பரம் வச்சவ வேற எங்க போவா, மாட்டுங்காவுக்குத்தான் போவான்னு அவ பின்னாலயே நடந்தேன். மார்க்கெட்டு வந்தது. நானும் ஒரு முழம் வாங்கி வச்சிக்கிட்டேன். அங்கயிருந்து வழி தெரியும்லா."

சித்தி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணாச்சி வரும்போது ஐந்தரை இருக்கும். செருப்பு கையில் இருந்தது. காக்கிக் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. மகாலட்சுமி கோவிலுக்குப் பின்னால் பாறைகள் இருக்கின்றன, அதற்கப்புறம் கடல். அங்கெல்லாம் இறங்கித் தேடியிருக்கிறார். வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தவர் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாதான் முதலில் பேசினாள். "கோவில்ல உக்காரக் கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லவே இல்லியே அண்ணாச்சி? வழக்கம்போல உக்காந்துட்டேன்."

அண்ணாச்சி அம்மாவையே பார்த்தார். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமாக்கா. மறந்துட்டேன்" என்றார். சித்தி கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் படி இறங்கிப் போனார்.

எனக்கு வாய் நீளம். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். மறுநாள் காலை கவுண்ட்டரில் வரிசை நின்றுகொண்டிருந்தது. டிக்கெட் எழுதுகிறவர், மானேஜர், வந்தவர் போனவர் அத்தனை பேருக்கும் முன்னால் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன். "ஊரான் மச்சான் வாந்தி எடுத்தது ஞாபகம் இருக்கு. எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மட்டும் மறந்துபோச்சோ? எங்கம்மா தொலைஞ்சிருந்தா யார்கிட்ட போய்ச் சொல்லுவீங்க? இன்னையிலிருந்து நீங்க மறதி அண்ணாச்சி!" வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் காலண்டர் தாளை மடித்தார், பிரித்தார். "தப்புதாம்மா" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அம்மா ஒரு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, வந்த குடும்பத்தோடு தான் மட்டும் ஊருக்குப் போனாள். "இப்பம் ஒண்ணும் கேக்காத. உங்க அப்பாட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள். பதினைந்தாம் நாள் அப்பாவின் கடிதம் வந்தது. 'பஸ் விட்டுப் போன பிறகு உன் அம்மா தனியாக வீடு வந்து சேர்ந்ததைச் சொன்னாள். மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். நீ ஹாஸ்டலில் சேர்ந்துகொள்.' இந்த முறை மூன்று வரி.

அதற்குப் பிறகு அண்ணாச்சியோடு எனக்குச் சண்டையில்லை. தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுப்பேன். "சாப்பிட மறந்துராதீங்க" என்பேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். நான் வேறு ஆபீஸுக்கு மாறினேன். கல்யாணமாகி செம்பூருக்கு வந்தேன். நடுவில் அப்பா போய்விட்டார். வருஷத் திவசம் முடிந்ததும் அம்மாவை என்னிடம் அழைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். "அந்தப் பஸ்ஸுக்கார அண்ணாச்சி இருக்காவளா?" என்று அம்மா கேட்டாள்.

"யாரு, மறதி அண்ணாச்சியா? தெரியலையே. பார்த்து நாலு வருஷம் இருக்கும்."

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். "அதென்ன பேரு?"

சொன்னேன். கவுண்ட்டரில் நான் பேசியதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"பாவி மட்டை. அவிய சொல்லத்தான் செஞ்சாவ. படியில நின்னு, என் பேரச் சொல்லாத குறையா, 'அக்கா, கோவில்ல உக்காராதீய'ன்னு ரெண்டு தடவ சொன்னாவ. நாந்தான் வேணும்னு உக்காந்தேன்."

"வேணும்னா?"

"முப்பது பேரோட, கைடு ஒருத்தன் கூட வர, பஸ்ல போறது தனியாப் போறதாட்டி? உங்க அப்பா அதத்தான் கேப்பாவ. பஸ்ஸு போறதப் படியில நின்னு பாத்தேன். போனப்பறம்தான் எந்திரிச்சி வந்தேன். நான் வீடு வந்து சேந்துட்டா நீ இருக்கலாம், சேரலேன்னா நீ கிளம்பணும், அவ்வளவுதான்னு நெனச்சேன். ஆனா வேணும்னு செஞ்சேன்னு உங்க அப்பாட்ட சொல்ல முடியுமா? உன்னையும் சேத்துல்லா வாங்கிக் கட்டிக்கிடணும். அதான் உன் சித்தி முன்னால அவிய மேல போட்டேன். அவியளுக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சி. யார்ட்ட போயிச் சொல்லப் போறேன்னு அவியளுக்குத் தெரியும்லா."

வாசலில் அவர் நின்ற அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கண்ணில் வந்தது. குற்ற உணர்ச்சியில் விழித்தார் என்று அத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஃபோர்ட்டுக்குப் போனேன். கவுண்ட்டரில் புது ஆள், பாலக்காட்டுக்காரர். அண்ணாச்சியின் அடையாளத்தைச் சொன்னேன்.

"ஓ, மறதி அண்ணாச்சியா? ரிட்டயர் ஆகி ஊருக்குப் போயாச்சே. சரியான பேரு மானேஜருக்குத்தான் தெரியும். அவர் இன்னைக்கு வரலை." பிறகு குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "ஒரு அம்மாவைக் கோவில்லயே விட்டுட்டாராமே, சொல்ல மறந்து? இங்க எல்லாரும் சொல்லுவா."

வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எங்கே நின்று அவரை ஏசினேனோ அதே இடத்தில்தான் இப்போதும் நின்றுகொண்டிருந்தேன்.

"அவர் மறக்கலை. ரெண்டு தடவை சொன்னார். அந்த அம்மாதான் வேணும்னே உக்காந்தாங்க" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "எனக்குத் தெரியும். அது எங்கம்மா."